மார்க்கம் நகரில் கஞ்சாக் கடைகளுக்கான தடை தொடர வேண்டுமா?

வடலியூரான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. 2018 ஒக்டோபர் 17 ஆம் திகதி கனடா முழுவதும் கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்டபோது, தமது எல்லைக்குள் விற்பனைக் கடைகள் வேண்டுமா வேண்டாமா என்பதை 2019 ஜனவரி 22 ஆம் திகதிக்குள் அறிவிக்கும் உரிமையை ஒன்ராறியோ அரசு நகரசபைகளுக்கு வழங்கியிருந்தது. ரொறன்ரோவை அண்டிய மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில், மிசிசாகா ஆகிய நகரங்கள் வேண்டாம் என்றன, ரொறன்ரோ இணங்கியது. பின்னர் மிசிசாகா 2023 இல் தன் முடிவை மாற்றிக்கொண்டது. மார்க்கத்திலும் தடையை நீக்கலாமா என்ற பேச்சு அயலவர்களுக்கிடையே எழுந்திருக்கிறது. நகரசபை உறுப்பினருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று இரு தரப்பினரும் சொல்கிறார்கள்.

நான் இதுவரை தடையை ஆதரித்தே வந்தேன். மன்னார்க் கரையில் கேரளக் கஞ்சா பிடிபட்டதாக ஊர்ச் செய்தியில் வாசித்துவிட்டு, அன்று மாலையே ஸ்காபரோவில் மரக்கறிக் கடைக்குப் பக்கத்திலுள்ள கஞ்சாக் கடையின் முன்னால் வாகனத்தை நிறுத்தும் எங்கள் தலைமுறைக்கு இது இலகுவில் பழகிவிடும் விடயம் அல்ல. ஆயினும் ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் ரொறன்ரோ வந்துவிடுகிறது. வீதியின் வடக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கும் தடை யாரைக் காக்கிறது என்று என் மூத்த மகள் கேட்டபோது, எனக்கே திருப்தியான பதில் ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

எனவே இத்துறைகளில் வேலை செய்வோரிடம் கேட்கிறேன். கடைகளைத் தடுப்பதால் பிள்ளைகளின் பாவனை குறைகிறதா? உடல்நலம் சார்ந்து பெற்றோர் உண்மையில் அஞ்சவேண்டியது எதற்கு? கடிதம் எழுதுவதென்றால் எதைக் கேட்டு எழுதுவது பொருத்தம்? ஒழுக்கம் கெட்டுவிட்டது என்ற வகையிலான பதில்களைத் தவிர்த்தால் நன்றியுடையவனாவேன். அவற்றைக் கோயில் மண்டபத்தில் போதிய அளவு கேட்டுவிட்டேன்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

ஐயா, ரொறன்ரோவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆகவே எனக்கு இதில் நலன் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வாசியுங்கள்.

உங்கள் நகரின் தடை கடையைத்தான் தடுக்கிறது, கஞ்சாவை அல்ல. மாகாண அரசுக்குச் சொந்தமான ஒன்ராறியோ கனபிஸ் ஸ்ரோரின் இணையத்தளம் மார்க்கம் உட்பட மாகாணத்தின் எந்த முகவரிக்கும் பொருளை அனுப்புகிறது. 19 வயது நிரம்பியவர் எவரும் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சாவைப் பொது இடத்தில் கைவசம் வைத்திருக்கலாம். ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். நகரசபைத் தீர்மானத்தால் இவற்றில் எதையும் மாற்ற முடியாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, கடையின் வாசலில் நடப்பதைச் சொல்கிறேன். பார்வைக்கு 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கவேண்டும். 19 நிரம்பாதவர் தாயுடன் வந்தாலும் உள்ளே விட முடியாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த தாய்மாரையே திருப்பி அனுப்பியிருக்கிறோம். பொதிகள் யாவும் குழந்தைகளால் இலகுவில் திறக்க முடியாதவையாக, ஒற்றை நிறத்தில், சிவப்பு எண்கோணத்துக்குள் இலையும் ரி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்ற எழுத்துகளும் பொறித்த அடையாளத்துடனும் மஞ்சள் நிற எச்சரிக்கைப் பட்டியுடனும் வருகின்றன. மாகாணத்துக்கு மாகாணம் நிறம் மாறும் வரி முத்திரையும் ஒட்டப்பட்டிருக்கும். உண்ணும் வகையாயின் ஒரு பொதியில் உள்ள மொத்த ரி.எச்.சி. 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உரிமம் இல்லாத இடங்களில் விற்கப்படும் பைகளோ, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இனிப்பு வகைகளின் அதே நிறத்தையும் எழுத்தையும் போலிசெய்து, 500 மில்லிகிராம் என்று கூசாமல் அச்சிட்டு வருகின்றன. கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினால் அவற்றைக் கொண்டுவந்து தருபவன் எவருடைய வயதையும் கேட்பதில்லை.

மிசிசாகா மனம் மாறியதற்கும் சட்டவிரோதக் கடைகள் அங்கு பெருகியதே முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. கனடியப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பாவிப்போரில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் சட்டபூர்வமான இடங்களில் மட்டுமே வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி மூன்று பேரை இழுத்துவர முடியாததற்கு வரியும் ஒரு காரணம். உலர்ந்த கஞ்சா கிராமுக்கு ஒரு டொலர் அல்லது விலையில் 10 வீதம், இரண்டில் எது கூடவோ அது, என்று தீர்வை விதித்தபோது கிராம் ஒன்று பத்து டொலருக்கு விற்கப்படும் என்று எண்ணியிருந்தார்கள். விலை அதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. தீர்வை மட்டும் ஒரு டொலரிலேயே நிற்கிறது.

---

மருந்தகத்து மதி எழுதியது:

வடலியூரான் அண்ணா, நான் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். கடை வேண்டுமா இல்லையா என்பதை விட்டுவிட்டு, உடல்நலம் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

பெற்றோரில் பெரும்பாலானோர் புகையைத்தான் தேடுகிறார்கள்: ஆடையில் மணம் இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் நான் முதலில் அஞ்சுவது உண்ணும் வகைகளுக்கே. அவை சட்டபூர்வமானது ஓர் ஆண்டு பிந்தி, 2019 ஒக்டோபரில்; ஒன்ராறியோக் கடைகளுக்கு வந்தது 2020 ஜனவரியில். அதன் பின்னர் ஒன்ராறியோவில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தவறுதலாகக் கஞ்சாவை உண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் மாதாந்தச் சராசரி, சட்டத்துக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்காகியது என்று 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வு மாகாணங்களை ஒப்பிட்டது. சொக்லேட், இனிப்பு வடிவிலான கஞ்சாவை விற்க அனுமதிக்காத கியூபெக்கிலும் மருத்துவமனை அனுமதிகள் கூடியிருந்தன, ஆனால் அவற்றை அனுமதித்த ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகியவற்றில் கூடிய அளவுக்கு அல்ல.

உண்ணும் வகை ஏன் ஆபத்தாகிறது என்றால், புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் தாக்கம், உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே தொடங்குகிறது. உச்சத்தை அடைய நான்கு மணி நேரம் வரை செல்லலாம், பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். ஒன்றும் செய்யவில்லையே என்று பெரியவர் இரண்டாவது துண்டை எடுப்பது இந்த இடைவெளியில்தான். புதியவருக்கு 2.5 மில்லிகிராமே போதும் என்கிறது சுகாதார அறிவுரை. சிறுவனோ ஒன்றை எண்ணிச் சாப்பிடப் போவதில்லை. பையைக் காலி செய்வான். பிறகு அவன் தள்ளாடுவான், எழுப்ப முடியாத அளவுக்கு உறங்குவான், சில வேளைகளில் மூச்சு மெதுவாகும். அந்த நிலையில் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் பெற்றோர் மறைத்த சந்தர்ப்பங்களில், மூளைக் காய்ச்சலோ தலையில் அடியோ என்று ஐயுற்று, பிள்ளைக்குத் தலை ஸ்கானும் முதுகுத்தண்டில் ஊசியேற்றி நீரெடுக்கும் சோதனையும் செய்ய நேர்கிறது.

பதின்ம வயதினர் விடயம் வேறு. இன்றைய உலர்ந்த கஞ்சாவில் ரி.எச்.சி. 20 வீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம்; எங்கள் பெற்றோர் காலத்தில் அது மூன்று நான்கு வீதமே. மூளை வளர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகிறது. பாவிப்போரில் பதினொருவரில் ஒருவர் அளவில் அடிமையாகிறார்கள் என்றும், பதின்ம வயதில் தொடங்குவோரில் அது ஆறில் ஒருவராகிறது என்றும் கனடிய சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. மனநோய் பற்றி அரட்டைக் குழுக்களில் பரவும் தகவல்கள் பல மிகையானவை, ஆனால் அடியோடு பொய்யும் அல்ல. ஒன்ராறியோவின் 2006 முதல் 2022 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2025 இல் வெளியான ஆய்வின்படி, புதிதாகக் கண்டறியப்பட்ட மனச்சிதைவில், கடுமையான கஞ்சாப் பழக்கத்தோடு தொடர்புபடுத்தக்கூடிய பங்கு 3.7 வீதத்திலிருந்து 10.3 வீதமாகியிருக்கிறது. மனச்சிதைவின் மொத்த வீதம் அக்காலத்தில் கூடவில்லை என்பதையும், இந்த ஏற்றம் சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் மனச்சிதைவோ இருமுனை நோயோ இருந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நம்மவர் வீடுகளில் இந்த நோய்களை வெளியே சொல்வதில்லை. அதனால் தனக்கு ஆபத்து கூடுதல் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது.

---

செவ்வந்தி எழுதியது:

மதி சொன்னவற்றை ஏற்கிறேன். கல்லாப்பெட்டி அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்கவில்லை. நான் பாடசாலைச் சபை ஒன்றில் இளையோர் ஆலோசகராக இருக்கிறேன்.

உரிமம் பெற்ற கடைக்காரர் பதினேழு வயதுப் பிள்ளைக்கு விற்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுத் தமையன் வாங்கித் தருகிறான், அவ்வளவுதான். கடைகள் நெருங்க நெருங்க, விலை இறங்க இறங்க, அது ஒரு பெரிய காரியமாகவே தோன்றாமல் போகிறது. ஒன்ராறியோ 2019 இல் குலுக்கல் முறையில் வெறும் 25 உரிமங்களுடன் தொடங்கியது. இன்று மாகாணத்தில் 1,700 க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. ரொறன்ரோவின் குயின் வீதி மேற்கில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்து பார்த்தவர்களுக்கு, ஒரு கடையின் பலகை கண்ணிலிருந்து மறையுமுன் அடுத்ததின் பலகை தெரிந்தது நினைவிருக்கும். சந்தையே பிறகு அவற்றில் பலவற்றை மூடவைத்தது. நகரசபையால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதுதான் மார்க்கம் மக்கள் கவனிக்கவேண்டிய இடம். ஒன்ராறியோச் சட்டத்தின்படி நகரசபை கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க முடியாது. கஞ்சாக் கடைகளுக்கென்று தனியான நிலப் பயன்பாட்டு விதியும் போட முடியாது. பாடசாலையிலிருந்து 150 மீற்றர் என்ற தூரத்தை மாகாணம் வைத்திருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உரிமத்துக்கு விண்ணப்பித்தவுடன் அந்த இடத்தில் அறிவித்தல் ஒட்டப்படும், குடியிருப்பாளர் 15 நாள்களுக்குள் கருத்துச் சொல்லலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, வேண்டாம் என்று சொன்ன நகரம் எப்போது வேண்டுமானாலும் சம்மதிக்கலாம், ஆனால் சம்மதித்த நகரம் பின்வாங்க முடியாது. மிசிசாகா இனி நினைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. முயற்சி செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் மூடிவிடுவோம் என்று உங்களிடம் எவராவது சொன்னால், அவருக்குச் சட்டம் தெரியாது.

கியூபெக்கைப் பாருங்கள். அங்கு தனியார் கடையே கிடையாது; அரசு நிறுவனம் மட்டுமே விற்கிறது. வயது எல்லையை 2020 ஜனவரியில் 18 இலிருந்து 21 ஆக உயர்த்தினார்கள். 30 வீதத்துக்கு மேல் ரி.எச்.சி. உள்ள உலர்ந்த கஞ்சா விற்பனைக்கு இல்லை. வீட்டில் செடி வளர்ப்பதையும் தடை செய்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாகாணத்தின் பக்கமே நின்றது. ஒரே மத்திய சட்டத்துக்குள் இவ்வளவு வேறுபட்ட ஒழுங்கு சாத்தியம் என்கிறபோது, தடை அல்லது 1,700 கடை என்ற இரண்டே வழிகள்தான் உள்ளன என்று எங்களை நம்பவைப்பது யாருக்கு இலாபம்? என் கருத்தில் உங்கள் கடிதம் நகரசபை உறுப்பினருக்கு மட்டும் போகக்கூடாது. எண்ணிக்கையையும் இடைவெளியையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை நகரங்களுக்குக் கொடுங்கள் என்று மாகாணசபை உறுப்பினருக்கும் போகவேண்டும். அந்த அதிகாரம் வரும்வரை தடை இருக்கட்டும்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

செவ்வந்தி அக்கா, பின்வாங்க முடியாது என்பது உண்மை. நானே அதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். குயின் வீதி நெருக்கம் பற்றி எனக்கும் உங்கள் கருத்துத்தான். ஒரே சந்தியில் நான்கு கடைகள் இருந்தால் நால்வரும் நட்டத்துக்கு விற்போம், விதிமுறையில் கைவைக்கும் ஆசை அங்கேதான் பிறக்கும். ஆனால் கியூபெக்கில் இனிப்பு இல்லாததால் அதை விரும்புவோர் எங்கே வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மத்திய அரசு நியமித்த நிபுணர் குழு 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் 10 மில்லிகிராம் எல்லையை உயர்த்தவேண்டாம் என்றே சொன்னது. அதை உயர்த்தினால் சட்டவிரோதச் சந்தை சுருங்கும் என்று எங்கள் தொழிலில் பலர் வாதிடுகிறார்கள். மதி எழுதியதை வாசித்த பின்னர் அதை இங்கே வாதிட எனக்கு மனம் வரவில்லை.

---

தராசு எழுதியது:

நான் சட்டத்தரணி அல்லேன். குடிவரவு அலுவலகம் ஒன்றில் கோவைகள் தயாரிப்பவன். கடை எங்கே வரலாம் என்று விவாதிக்கும் நம்மவர், சட்டபூர்வம் என்ற ஒரே சொல்லில் மயங்கிக் கவனிக்காமல் விடுவது வேறொன்றை.

2018 இலேயே வாகனம் ஓட்டுவது தொடர்பான சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ரி.எச்.சி. 2 நானோகிராம் அல்லது அதற்கு மேல், 5 க்குக் கீழ் இருந்தால் 1,000 டொலர் வரை அபராதம். 5 அல்லது அதற்கு மேலானால் முதல் தடவையிலேயே ஆகக் குறைந்தது 1,000 டொலர் அபராதம், குற்றப் பதிவு. ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் கீழ்ப்பட்டவர்களும், ஜி1, ஜி2 எனப்படும் புதிய சாரதிகளுக்கான உரிமம் உள்ளவர்களும், பாரவூர்தி போன்ற வணிக வாகனச் சாரதிகளும் உடலில் சிறிதளவு கஞ்சாவும் இருக்க வாகனம் ஓட்டக்கூடாது. எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய எண் எதுவும் இல்லை. மதுவைப் போல மணிக்கணக்கில் கணக்கிட முடியாதது இது. தொடர்ந்து பாவிப்பவரின் இரத்தத்தில் அது நாள்கணக்கில் தங்கும்.

இனி முக்கியமான பகுதி. 2018 டிசம்பர் 18 முதல், போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டிலிருந்து பத்தாக உயர்ந்தது. பத்து ஆண்டுகள் வரை தண்டிக்கக்கூடிய குற்றம் என்பது குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் கடுங்குற்றம். நீதிபதி வெறும் அபராதத்தோடு விட்டிருந்தாலும், நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் அதை இழந்து வெளியேற்றப்படும் நிலைக்கு வரலாம். பாரவூர்தி ஓட்டும் தம்பிமாரிலும் அண்மையில் துணைவராக வந்தவர்களிலும் எத்தனை பேர் இதை அறிவார்கள் என்று தெரியவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுப்பதும் அப்படியே. அதற்கான உச்சத் தண்டனை 14 ஆண்டுகள். செவ்வந்தி குறிப்பிட்ட அந்தத் தமையன் குடியுரிமை எடுக்காதவனாக இருந்தால், தங்கைக்கு நீட்டிய ஒரு துண்டு இனிப்பால் நாட்டைவிட்டே போகவேண்டி வரலாம்.

இன்னொன்று: வாகனத்தில் கொண்டுசெல்லும்போது பொதி மூடப்பட்ட பைக்குள், அல்லது எவருக்கும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். முன்னிருக்கையில் திறந்த பொதி கிடந்தால் சாரதி அதைத் தொட்டிருக்காவிட்டாலும் குற்றமே.

---

வடலியூரான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கருத்து வேறுபாட்டோடு இவ்வளவு நிதானமாக எழுதியதற்கு மேலும் நன்றி. கடை திறந்தால் பிறகு மூட முடியாது என்பது இங்கு நான் கேட்ட எவரும் அறியாத செய்தி. செவ்வந்தி சொன்னபடி மாகாணசபை உறுப்பினருக்கு எழுதுகிறேன். நகரசபைக்கு எழுதும் கடிதத்தில் தடையைத் தொடரும்படி கேட்பதோடு, உரிமம் இல்லாமல் வீடுகளுக்குக் கொண்டுவந்து விற்போர் மீது என்ன நடவடிக்கை எடுக்கிறார்கள் என்றும் கேட்கப்போகிறேன். கல்லாப்பெட்டி எழுதிய அந்த 500 மில்லிகிராம் பைதான் என்னைக் கூடுதலாக உறுத்துகிறது.

சற்று வெட்கத்தோடு இன்னொரு கேள்வி. என் மாமியாருக்கு முழங்கால் வாதம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும், தோழி ஒருவர் கொடுத்த சி.பி.டி. எண்ணெயை நாக்கின் கீழ் விட்டுக்கொள்கிறார். அது போதை தராதது, மூலிகை போன்றது என்கிறார். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகும்போது அதையும் கொண்டுபோக விரும்புகிறார்.

---

தராசு எழுதியது:

கொண்டுபோக வேண்டாம். சி.பி.டி. எண்ணெயும் கனடாவின் கஞ்சாச் சட்டத்துக்குள்ளேயே வருகிறது. எந்த வடிவிலும், எவ்வளவு சிறிதாயினும், வைத்தியரின் பத்திரம் இருந்தாலும், அதை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உள்ளே கொண்டுவருவதும் குற்றம். கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு இலங்கைச் சட்டம் வேறு. தாய்லாந்திலிருந்து வரும் பொதிகள் அங்கு அடிக்கடி பிடிபடுவதால் சுங்கத்தினர் விழிப்பாகவே இருக்கிறார்கள். முழங்கால் வலி என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

---

மருந்தகத்து மதி எழுதியது:

போதை தராது என்பது சரி. ஆனால் சி.பி.டி. வேறு மருந்துகளை ஈரல் உடைக்கும் வேகத்தைக் குறைக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வாஃபரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவு ஆபத்து கூடலாம். கூடிய அளவில் ஈரல் நொதிகளும் உயரும். மூட்டு வாதத்துக்கு அது பலன் தருகிறது என்பதற்கான சான்றுகள் இன்னமும் பலவீனமானவை. தோழி கொடுத்த போத்தலில் வரி முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உள்ளே சி.பி.டி. எவ்வளவு, ரி.எச்.சி. எவ்வளவு என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மாமி எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எதுவாயினும், ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்தப் போத்தலோடு பயணத்துக்கு முன் அவருடைய மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் வலிக்கு எதை எடுக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.